பரமக்குடிக்கு ஓர் அட்டை டிக்கெட்

மீன்கார அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தெரிவது அவர் சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டைதான். வெளிறிய நீலம். காலர் நைந்து நூல் தொங்கும். கூடையிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் உடம்பில் இறங்காமல் இருக்க, எங்கள் பக்கத்தில் மீன் சுமக்கும் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் போட்டுக்கொள்வார்கள். அக்கா அந்தச் சட்டைப் பையில் கைபேசியை ஒரு பால் கவரில் சுற்றி வைத்து, மேலே ஊக்குக் குத்தியிருப்பார். ரயிலில் கைபேசி அடித்தால், ஊக்கைக் கழற்றிக் கவரைப் பிரித்து அவர் எடுப்பதற்குள் அழைப்பு நின்றுவிடும். அவசரம் என்றால் மறுபடி அடிப்பார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பச் சுற்றி வைப்பார். எதற்கும் பதறாத ஒருவரை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் எல்லாவற்றுக்கும் பதறுகிறவள். அப்போது என் மகள் கைக்குழந்தை. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். கணவர் சவூதியில் இருந்தார். எனக்கு ராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை. காலை பாசஞ்சரில் குழந்தையோடு ஏறி, அம்மா வீட்டில் அவளை விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். எங்கள் ஊரில் ரயில் ஒரு நிமிடம்தான் நிற்கும். அந்த ஒரு நிமிடத்துக்குள் குழந்தை, பை, பால் புட்டி, விடைத்தாள் கட்டு எல்லாவற்றோடும் ஏறியாக வேண்டும். எதையாவது நடைமேடையில் விட்டுவிட்டேனோ என்று ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசிப் பெட்டி நிற்கும் இடத்தில் ஒரு வேப்ப மரம் இருந்ததால், குழந்தைக்கு வெயில் படக் கூடாதென்று அங்கேதான் போய் நிற்பேன். அதுதான் மீன் கூடைகள் ஏறும் பெட்டி. அப்படித்தான் அக்கா பழக்கமானார்.

அவர் கதவோரம் கூடையை வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, "குடு ஆத்தா பிள்ளைய" என்று கையை நீட்டுவார். நான் அந்தக் கையைத்தான் பார்ப்பேன். மீன் செதில், ஐஸ், ரயில் கம்பி எல்லாம் தொட்ட கை. கொடுக்காமல் இருக்கவும் முடியாது. கொடுத்துவிட்டு, இறங்கிய பிறகு ஈரத் துணியால் குழந்தையைத் துடைப்பேன். மறைவாகத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் எல்லார் முன்னாலும், "டீச்சரம்மா, பிள்ளையத் தொடைச்சுத் தொடைச்சே தோலு தேஞ்சிரப் போகுது. அவுக அப்பா வந்து அடையாளந் தெரியலன்னு சொல்லிருவாக" என்றார். பெட்டியே சிரித்தது. அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மறுநாளும் கையை நீட்டினார். என்னிடம் அழுகிற குழந்தை அவர் மடியில் கதவோரக் காற்றில் தூங்கிவிடும். அதற்குச் சந்தோஷப்படுவதா, நான் சரியாக வளர்க்கவில்லையோ என்று கவலைப்படுவதா என்று எனக்குத் தெரியாது.

பால் பற்றவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. புட்டியைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு காலையில் தாமரை இலையில் மடித்து எதையோ என் பையில் வைத்தார். பால்சுறா. அவித்து உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டுப் புட்டு செய்து சாப்பிட்டால் பால் ஊறும் என்றார். மருத்துவரிடம் கேட்காமல் சாப்பிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சாப்பிட்டேன். அதன் பிறகு வலையில் பால்சுறா பட்ட நாட்களில் எல்லாம் எனக்கு ஒரு பொட்டலம் வரும். பரமக்குடியிலும் அவருக்கு இப்படி வீடுகள் இருந்தன. தறிக்காரர் தெருக்களில் எந்த வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், எந்த வீட்டில் மாமனாருக்கு முள் ஆகாது, எந்த வீட்டுக்குக் கூலி நாளில் மட்டும் பெரிய மீன் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். விலை பேசுவதில்லை. அந்தந்த வாசலில் அந்தந்த மீனை வைத்துவிட்டுப் போவார். அந்தத் தெருக்கள்தான் அவருடைய பிழைப்பு. அவர் கணவர் கடலுக்குப் போய் இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடந்தார்.

ரயிலின் கார்டையும் இங்கே சொல்ல வேண்டும். எல்லாரும் கார்டு சார் என்போம், அக்கா மட்டும் கார்டய்யா என்பார். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் வெள்ளை உடையில் நின்று, அக்காவின் கூடை உள்ளே போய்விட்டதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் பச்சைக் கொடியைக் காட்டுவார். அதற்காகக் காசோ மீனோ வாங்கியதில்லை. அவர் சைவம்.

பெருந்தொற்றுக்காக நிறுத்திய ரயில்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது, காலை ரயில் எங்கள் ஊரில் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் நிற்கும் என்றார்கள். முதல் வாரம் நாங்கள் பழக்கத்தில் போய் நின்றோம். ரயில் வேகம் குறையாமல் போனது. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலைப் பூட்டினார்கள். பேருந்தில் கூடையை ஏற்ற நடத்துநர்கள் சம்மதிப்பதில்லை. தண்ணீர் வடிகிறது, நாறுகிறது என்பார்கள். ஆட்டோ வைத்துப் பரமக்குடி வரை போனால் அக்காவுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. கரையிலேயே வியாபாரியிடம் கொடுத்துவிடத் தொடங்கினார். எனக்கும் பேருந்து மாறி மாறிப் போக முடியவில்லை. குழந்தைக்கு அடிக்கடி சளி பிடித்தது. வேலையை விட்டேன். நான் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று இப்போதும் சில நாள் தோன்றும்.

சென்ற ஆண்டு கார்டு சார் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்று மண்டபத்தில் இருந்தார். ரயில் மீது பிரியமுள்ள சிலர் சேர்ந்து, தனுஷ்கோடி வரை ரயில் ஓடிய காலத்தை நடித்துக் காட்டும் ஒரு நாள் விழா நடத்தப் போவதாகச் சொன்னார். பழைய பெட்டிகள் இரண்டை இணைத்த சிறப்பு ரயில் ஒன்று ராமேஸ்வரத்திலிருந்து வரும். எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்கும். அந்தக் காலத்து உடையில் ஊர்க்காரர்கள் அதை வரவேற்க வேண்டும். எங்கள் ஊரை ஏன் எடுத்தார்கள் என்று கேட்டேன். மற்ற நிலையங்களை எல்லாம் இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்களாம். இங்கே யாரும் எதையும் செய்யாமல் விட்டதால் ஓட்டுக் கூரை, மரத் தூண், கல் பெஞ்சு எல்லாம் அப்படியே இருந்தன.

"பெரிய அதிகாரி வாராரும்மா" என்றார் கார்டு சார். "மனு கினுன்னு அன்னைக்குக் கிளப்பக் கூடாது. விழா நல்லா நடந்து அவர் மனசு குளுந்திருக்கிற நேரத்துல நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. படிச்ச பிள்ள சொன்னா எடுபடும்." அதுதான் என்னை இழுத்தது. எனக்குக் கொழும்புக்குக் கப்பலேறப் போகும் குடும்பத்துப் பெண் வேடம். புடைத்த கை வைத்த ஜாக்கெட், தகரப் பெட்டி, குடை. மகளுக்குப் பாவாடை. கணவரிடம் தொலைபேசியில் சொன்னபோது, வெயிலில் பிள்ளையை வேடம் கட்டி நிறுத்தி என்ன ஆகப் போகிறது என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். மீன் சுமக்கும் பெண் ஒருத்தி வேண்டும் என்று கார்டு சார் சொன்னபோது, நான்தான் அக்காவைப் போய்ப் பார்த்தேன். அதிகாரி வருகிறார், ரயில் நிற்கிறது, நிறுத்தம் திரும்பக் கிடைக்க ஒரு வழி இருக்கலாம் என்று சொன்னேன். சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் எதையாவது சொன்னேனா என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ஒத்திகை அன்று அக்கா தன் அலுமினியக் கூடையோடும் நீலச் சட்டையோடும் வந்து நின்றார். கார்டு சார் சங்கடத்தோடு, அந்தக் காலத்தில் சட்டை கிடையாது, ஓலைப் பெட்டிதான் என்று விளக்கினார். "சட்டை இல்லாம தூக்குனா தண்ணி பூராம் மாருலதான் வடியும் கார்டய்யா" என்றார் அக்கா. தண்ணீரே இருக்காது என்று சொல்லி, தெர்மகோலில் வெட்டி வெள்ளிச் சாயம் பூசிய மீன்களைக் காட்டினார்கள். அக்கா ஒன்றை எடுத்து, பழக்கத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்கப் போனார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. பின்கொசுவம் வைத்துக் கண்டாங்கிச் சேலை கட்டிவிட்டபோது, "எங்கம்மா மாதிரி இருக்கேன்ல" என்று என் மகளிடம் கேட்டார்.

அன்றே எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்தார்கள். பழைய காலத்தைப் போலச் சின்னக் கெட்டி அட்டையில், ஊர்ப் பெயர் போட்டு அச்சடித்தது. தனுஷ்கோடி, மதுரை, பரமக்குடி என்று பலவிதம். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா பரமக்குடியை எடுத்தார். கார்டு சார் பழைய குறடு ஒன்றால் ஒவ்வொரு அட்டையிலும் ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

விழா நாளில் நிறுத்தத்தைப் பார்க்க எனக்கே நம்ப முடியவில்லை. தோரணம், மேளம், சர்பத் பந்தல். நான் மகளுக்குக் குத்திய ஊக்குகளைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டே, சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதிகாரிக்குத் தமிழ் வருமோ வராதோ என்று ஆங்கிலத்திலும் ஒன்று வைத்திருந்தேன். அக்கா எல்லாருக்கும் பிறகுதான் வந்தார். ஓலைப் பெட்டியைத் தலையில் வைத்திருந்த விதத்தில் எனக்கு ஏதோ உறுத்தியது. கழுத்து விறைத்து, நடை அளந்து, ஒரு கை மேலே. தெர்மகோலுக்கு அவ்வளவு தேவையில்லை. நன்றாக நடிக்கிறார் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ரயில் வந்து நின்றது. உண்மையிலேயே நின்றது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அதிகாரி இறங்கி வந்தார், மாலை போட்டோம். கும்பல் கொஞ்சம் விலகியதும் நான் சொல்லிவிட்டேன். "காலை ரயில் இங்க ஒரு நிமிஷம் நின்னா போதும் ஐயா. நிறையப் பேர் பிழைப்பு இருக்கு." அவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பார்க்கலாம்மா என்றார். உடை ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது என்றார். என் மகளின் கன்னத்தைத் தட்டினார். நான் இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம். இரண்டாவது வாக்கியத்தை நான் தயார் செய்திருக்கவில்லை.

அதற்குள் கடைசிப் பெட்டிப் பக்கம் சலசலப்பு கேட்டது. போய்ப் பார்த்தால், அக்கா உள்ளே கதவோரம் தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓலைப் பெட்டி. அதன் அடியிலிருந்து, வார்னிஷ் அடித்துப் பளபளத்த மரத் தரையில், ஐஸ் தண்ணீர் சிவப்பாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. ஓலைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் தாள் விரித்து நிஜ மீனை அடுக்கியிருந்தார். சாளை, நகரை, பாறை. ஓர் ஓரத்தில் இலையில் மடித்த பொட்டலங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு விருந்தினர்கள் வழியில் நின்றார்கள். பரமக்குடி வீடுகளுக்கு எல்லாம் முந்தின நாளே போன் பண்ணி, ரயில் நிற்கிறது, வாரேன் என்று சொல்லிவிட்டாராம். ரயில் நின்றால் கூடை ஏறும். கார்டு ஓட்டை போட்ட டிக்கெட் கையில் இருக்கிறது. இதில் சந்தேகப்பட அவருக்கு என்ன இருந்தது?

இறங்கச் சொல்லும் வேலை கார்டு சாருக்குத்தான் வந்தது. அவர் பழைய வெள்ளை உடையில், கையில் கொடியோடு, கதவுக்குக் கீழே நின்றார். இந்த ரயில் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும், டிக்கெட் ஞாபகார்த்தத்துக்குக் கொடுத்தது என்று மெதுவாகச் சொன்னார். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை எடுத்து நீட்டினார்.

"நீங்கதான கார்டய்யா ஓட்ட போட்டுக் குடுத்தீக."

குரலில் சண்டை இல்லை. ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார். கார்டு சார் அட்டையை வாங்கவில்லை. கொடியைச் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். "எறங்கும்மா" என்றார். அவர் கண் அக்காவைப் பார்க்கவில்லை. நான் தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஏறி, கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். இறக்கும்போது தண்ணீர் என் புடவை முழுக்க வடிந்தது. யாரோ துடைப்பத்தோடு வந்தார்கள். யாரோ படம் எடுத்தார்கள். கார்டு சார் பச்சைக் கொடியைக் காட்ட, ரயில் போய்விட்டது.

அந்த மீனை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பந்தலில் சைவச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. அக்கா அடிகுழாயில் தண்ணீர் அடித்து மீன் மேல் தெளித்துக்கொண்டே இருந்தார். கைபேசி அடிக்கத் தொடங்கியது. ஒரு வீடு, பிறகு இன்னொரு வீடு. அவர் அதை என்னிடம் நீட்டினார். "நீ சொல்லுத்தா. எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல." வந்து நின்ற ரயில் ஏற்றிக்கொள்ளாமல் போனதை, பரமக்குடியில் அடுப்பில் புளியைக் கரைத்து வைத்துக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு எந்த வார்த்தையில் சொல்வது? நான், "இன்னைக்கு ரயில் நிக்கலக்கா" என்றேன். அடுத்த அழைப்புக்கும் அதையே சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அது பொய் என்று அவர் சொல்லவில்லை. மேளக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் மீனைக் கருவாட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இலைப் பொட்டலம் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். மகளுக்குப் பால் மறந்து எத்தனையோ காலமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.

அதன் பிறகு எதுவும் நடக்கவில்லை. பார்க்கலாம் என்றவர் வேறு ஊருக்கு மாறிப் போனார். ரயில் இப்போது முன்னைவிட வேகமாகப் போகிறது. ராமேஸ்வரத்துக்குப் புதுப் பாலம் வந்த பிறகு கூட்டமும் அதிகம் என்கிறார்கள். எங்கள் நடைமேடையில் ஆடுகள் படுத்திருக்கின்றன. மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளி வேனில் போகிறாள். வேன் வர ஐந்து நிமிடம் தாமதமானால் நான் ஓட்டுநருக்குப் போன் பண்ணிவிடுவேன். வீட்டில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அக்கா மண்டபம் பக்கம் ஒரு கம்பெனியில் இறால் உரிக்கப் போகிறார். காலையில் ரயில்வே கேட் அருகே கம்பெனி வேனுக்காக நிற்பார். நாள் முழுக்க ஐஸில் கை வைத்து விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். பரமக்குடி வீடுகளிலிருந்து இப்போது போன் வருவதில்லையாம். அங்கே வண்டியில் ஐஸ் பெட்டி வைத்து யாரோ மீன் கொண்டு வருகிறார்களாம்.

போன வாரம் கார்டு சார் கூப்பிட்டார். குரல் தளர்ந்திருந்தது. இந்த ஆண்டும் விழா உண்டு, ஆனால் ராமநாதபுரம் நிலையத்தில். அங்கேதான் கூட்டம் வர வசதி. சென்ற ஆண்டுப் படங்களில் எல்லாருக்கும் பிடித்தது அந்த மீன்காரப் பெண்தானாம். எப்படியாவது கூட்டி வரச் சொல்லிக் கேட்டார்கள், நான் என்ன சொல்லட்டும் என்றார். கார் அனுப்புவார்களாம்.

மறுநாள் மகளை வேனில் ஏற்றிவிட்டு, ரயில்வே கேட்டுக்கு நடந்தேன். அக்கா ஓரமாக நின்றிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கன ரயிலு நிக்குமா?"

"அங்க எல்லா ரயிலும் நிக்கும்க்கா."

"அங்கனதான் தானா நிக்கிதே. அப்ப நான் எதுக்குத்தா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நான் படித்தவள், எனக்குக் காரணம் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார். அதற்குள் கம்பெனி வேன் வந்துவிட்டது. உள்ளே இருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஏறி உட்கார்ந்த பிறகும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கார்டு சாரிடம் அக்காவுக்கு வேலை இருக்கிறது, வர முடியாது என்று சொன்னேன். "அப்ப அந்த எடத்துல நீங்க நிக்கிறீங்களாம்மா?" என்றார். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, சரி சார் என்றுதான் வாயில் வந்தது. இந்தத் தடவை புது அதிகாரி வருவாராம். போன வருடம் சொன்னதையே இவரிடமும் சொல்லிப் பார்க்கலாம். அவர் என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே தெரியும். கூடையைத் தூக்கப் போவது நான்தான் என்பதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.